துணை மீன்

டிரைவர் வீட்டுப் பின்கொட்டகையில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. ஒரு ஆள் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளலாம், அவ்வளவு பெரிசு. அதைச் செய்தது அவருடைய தம்பி. தம்பிக்குக் கண்ணாடி வெட்டுகிற தொழில். அந்த வட்டாரத்து ஜன்னல்களில் பாதி அவன் கைபட்டவை. அண்ணன் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பல் தேய்ப்பதைக்கூட நேரம் பார்த்துச் செய்கிற மனுஷன். பஸ்ஸை விட்டு இறங்கி ஆறு வருஷம் ஆகியும் தெருவுக்கு அவர் டிரைவர்தான்.

மீன் பைத்தியம் முதலில் பிடித்தது தம்பிக்கு. அடுத்த தெருவில் இருந்த தன் வீட்டின் பின்பக்கத்தை, துணி உலர்த்துகிற இடத்தைக்கூட விடாமல் தோண்டி, ஆள் உயரத்துக்குக் குளம் கட்டினான். சிவப்பும் வெள்ளையுமாகக் கோய் என்கிற ஜப்பான் அலங்கார மீன்களை வாங்கி விட்டான். அவன் மனைவி அன்றிலிருந்து துணியைக் கூடத்தில் கொடி கட்டி உலர்த்தினாள். "எனக்கு முப்பது சக்களத்தி, மாமா. அதுல ஒருத்திக்காவது ஒரு துணி துவைக்கத் தெரியுமா?" என்று டிரைவரிடம் முறையிடுவாள். முறையிட்டுக்கொண்டே அந்த முப்பது பேருக்கும் தீனி அளந்து வைப்பாள். டிரைவர் தினமும் சாயங்காலம் அந்த வீட்டில்தான் சாப்பிடுவார். சாப்பிடுகிற கையோடு பைத்தியமும் ஒட்டிக்கொண்டது.

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரு சட்டம் உண்டு. இருபத்தெட்டு நாள், இருபத்திநாலு டிகிரி, ஒரு துணை. புதிதாக எந்த மீன் வந்தாலும் நேரே குளத்துக்குள் போகக் கூடாது. கோய் மீனுக்கு ஹெர்பிஸ் என்று ஒரு நோய் இருக்கிறது. மனுஷனை ஒன்றும் செய்யாது. மீனுக்கு வந்தால் மருந்தே கிடையாது, குளத்தோடு துடைத்துக்கொண்டு போகும். அதிலும் அது பொல்லாத நோய். தண்ணீர் குளிர்ந்திருக்கிற வரைக்கும் மீனுக்குள் சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கும், வெதுவெதுப்பானால்தான் தலை காட்டும். அதனால் புது மீனை டிரைவர் வீட்டுத் தொட்டியில் ஹீட்டர் போட்ட தண்ணீரில் விட்டு, கூடவே குளத்து மீன் ஒன்றையும் விடுவார்கள். நோய் இருந்தால் துணைக்குப் போனது சாகும், குளம் தப்பிக்கும்.

துணைக்குப் போவது எப்போதும் ஒரே மீன்தான். சாம்பலும் கறுப்புமாக, அடுப்புக்கரியில் புரண்டு எழுந்த மாதிரி இருக்கும். சும்மா கொடுத்தாலும் யாரும் வாங்க மாட்டார்கள். ஐந்து தடவை போய் ஐந்து தடவையும் உயிரோடு திரும்பியிருந்தது. தம்பி அதற்கு மாப்பிள்ளைத் தோழன் என்று பெயர் வைத்திருந்தான். "எல்லாருக்கும் கல்யாணம் ஆகுது, இவன் மட்டும் கூடப் போயிட்டுக் கூட வரான். உங்களை மாதிரியே, அண்ணா" என்பான். டிரைவருக்கு மூக்கு மேல் கோபம் வரும். ஆனாலும் அந்த மீனுக்கு ஒரு பிடி தீனி கூடுதலாகப் போடுவார்.

தொட்டி மூலையில் ஒரு பழைய தெர்மாமீட்டர் கயிற்றில் தொங்கியது. அதில் ஒரு சின்ன நீல ஊசி. தண்ணீர் எவ்வளவு குளிர்கிறதோ அதுவரை போய் அங்கேயே நின்றுகொள்ளும். பிறகு தண்ணீர் எவ்வளவு சூடானாலும் நகராது; பக்கத்தில் இருக்கும் பட்டனை அழுத்தினால்தான் பழையபடி வரும். தம்பி வரும்போதெல்லாம் ஊசியைப் பார்த்துவிட்டுப் பட்டனை அழுத்துவான். டிரைவர் அதைச் சீண்டுவதில்லை. இப்போது என்ன டிகிரி என்று தெரிந்தால் போதாதா, நேற்றைய கதை எதற்கு என்பது அவர் கட்சி.

அந்த வருஷம் இலை உதிர ஆரம்பித்தபோது தம்பிக்குக் கண் மஞ்சளாகியது. குளத்தின் மேல் இலை விழாமல் வலை கட்டிக்கொண்டிருந்தவன் பாதியில் உட்கார்ந்துவிட்டான். கல்லீரல். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "வர்ற கோடையை நல்லபடியா பார்த்துக்கலாம். அதுக்கு அப்புறம் இப்பப் பேச வேணாம்" என்றார். வெளியே வந்ததும் தம்பி மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தம்பி கேட்டது வேறு: "அப்ப வசந்தம் இருக்குல்ல, அண்ணா?"

வசந்தத்தில் என்ன இருக்கிறது என்பது டிரைவருக்குத் தெரியும். குளத்தில் மகாராணி இருந்தாள். பதின்மூன்று வயது, கை நீளம், பாலில் குங்குமம் சிந்திய மாதிரி உடம்பு. விரல் அளவு குஞ்சிலிருந்து தம்பி வளர்த்தது. இரண்டு வருஷமாக அவள் முட்டையெல்லாம் வெளுத்துப் பூஞ்சை பிடித்துப் போனது. குளத்தில் இருந்த ஆண் மீன்களுக்கு வயதாகிவிட்டது. ஒரு தடவை அவள் குஞ்சுகளைக் கையில் அள்ளிப் பார்க்க வேண்டும், நல்லது எது கழிசல் எது என்று தானே பொறுக்க வேண்டும். சாகப்போகிறவன் கேட்ட ஒரே விஷயம் அதுதான். சொத்து கேட்டிருந்தால்கூட டிரைவர் யோசித்திருப்பார். இதற்கு யோசிக்கவே இல்லை.

குளிர்காலம் முழுவதும் மீன்கள் குளத்தடியில் அசையாமல் கிடந்தன. அந்தக் குளிரில் தீனி போடக் கூடாது, வயிற்றிலேயே அழுகிவிடும். தம்பியும் பின்னறை ஜன்னலோரம் அப்படியேதான் கிடந்தான். குளிர் விடுகிற சமயத்தில், வெளியூரில் மீன் வளர்க்கிற ஒருவரிடமிருந்து டிரைவர் ஒரு இளம் ஆண் மீனை வாங்கி வந்தார். மாப்பிள்ளை வந்த அன்று தம்பி அடம் பிடித்து, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தான். அவனால் குனிய முடியவில்லை. "நீ அழுத்து" என்றான். அவள் குனிந்து தெர்மாமீட்டர் பட்டனை அழுத்தினாள். தோழனைத் துணைக்கு விட்டார்கள். தம்பி டிகிரிக் கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கி முதல் வரியைத் தானே எழுதினான்: முதல் நாள், 24.

ஆறாம் நாள் காலையில் தம்பி ரத்தமாக வாந்தி எடுத்தான். பதினேழு நாள் ஆஸ்பத்திரி. அவளும் டிரைவரும் முறை வைத்துக்கொண்டு அங்கேயே கிடந்தார்கள். இடையில் மூன்று தடவை டிரைவர் குளிக்க வீட்டுக்கு வந்தார். வந்த வேகத்தில் கொட்டகைக் கதவைத் திறந்து, காற்று மோட்டார் ஓடுகிற சத்தத்தைக் கேட்டு, ஒரு பிடி தீனியைப் போட்டுவிட்டு ஓடினார். மோட்டாருக்கு ஒரு லைன், ஹீட்டருக்கு வேறு லைன் என்பது அவருக்குத் தெரியாததா? அவர் இழுத்த லைன்தான் இரண்டும்.

தம்பியை வீட்டில் கொண்டுவந்து படுக்கவைத்த அன்று மத்தியானம் கொட்டகைக்குப் போய்த் தண்ணீரில் கை விட்டார். சுரீரென்றது. பதின்மூன்று டிகிரி. இரண்டு மீனும் அடியில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. சுவரில் ஹீட்டர் பிரேக்கர் கீழே விழுந்திருந்தது. சின்ன கறுப்பு விசை, கட்டைவிரல் அளவுகூட இல்லை. அதை மேலே தள்ளிவிட்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார்.

காலண்டரில் இருபத்திரண்டு நாள் போயிருந்தது, இருபத்திநாலு டிகிரியில் நிச்சயமாகப் போனது ஐந்து நாள்தான். சட்டப்படி முதலிலிருந்து எண்ண வேண்டும். இன்னும் இருபத்தெட்டு நாள் என்றால் மகாராணி வயிற்றில் முற்றிய முட்டை வீணாகும். அடுத்த வசந்தத்துக்கு அவள் இருப்பாள், தம்பி இருக்க மாட்டான். இதை அவர் ஒரு தடவை, இரண்டு தடவை, பத்துத் தடவை யோசித்தார். மீனைப் பார்த்தார். நல்ல மீன், செதில் பளபளவென்று இருந்தது, ஒரு கீறல் இல்லை. இப்படிப்பட்ட மீனுக்கு என்ன நோய் இருக்கப்போகிறது என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டார். ஆணியில் தொங்கிய நோட்டை எடுத்தார். முப்பத்தோரு வருஷத்தில் ட்ரிப் ஷீட்டில் ஒரு நிமிஷம்கூடப் பொய் எழுதாத கை, பதினேழு வரி ஒரே மூச்சில் எழுதியது: 24, 24, 24.

சாயங்காலம் தம்பி கண்ணைத் திறந்து கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நாள் ஆச்சு?"

"இன்னும் ஆறு நாள்டா. மாப்பிள்ளை ஜம்முன்னு இருக்கான்."

ஏழாம் நாள் மாப்பிள்ளையும் தோழனும் குளத்துக்குப் போனார்கள்.

வசந்தம் சொன்ன சொல் தவறவில்லை. குளத்தில் வெயில் ஏறியதும், முட்டை ஒட்டுவதற்காக நைலான் பிரஷ்களைக் கட்டித் தண்ணீரில் மிதக்க விட்டார்கள். ஒரு காலையில் மாப்பிள்ளை மகாராணியைத் துரத்து துரத்து என்று துரத்தினான். தண்ணீர் ஜன்னல் கண்ணாடி வரை தெறித்தது. தம்பியை நாற்காலியோடு தூக்கிவந்து குளக்கரையில் உட்காரவைத்தார்கள். நனைந்துகொண்டே சிரித்தான். பிரஷ் முழுக்கக் கடுகு கடுகாக முட்டை. அவற்றைக் குளத்துக்குள்ளேயே ஒரு வலைப்பெட்டியில் வைத்தார்கள். நான்காம் நாள் இமை முடி அளவுக்குக் குஞ்சுகள் வலையில் ஒட்டிக்கொண்டு நின்றன.

மூன்று வாரம் கழித்துப் பொறுக்குகிற வேலை. நூற்றுக்குத் தொண்ணூறைக் கழித்துவிட வேண்டும். கழிசலை வைத்துக்கொண்டால் நல்லது வளராது. தம்பி கட்டிலில் சாய்ந்துகொண்டு, மடியில் வெள்ளை பேசினை வைத்துக்கொண்டு, கரண்டியால் ஒவ்வொன்றாக அள்ளிப் பார்த்தான். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பேசினைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி இருபத்திநாலு வருஷத்தில் முதல் தடவையாக, "நீ ஒண்ணு எடு பாக்கலாம்" என்றான். முதுகில் ஒரே ஒரு பொட்டுச் சிவப்பு இருந்த குஞ்சை அவள் எடுத்தாள்.

"இதுவா? இது சுத்தக் கழிசல்."

"இருக்கட்டும். கழிசலையும் யாராவது வளர்க்கணும்ல? நான் வளர்க்கலையா உங்களை?"

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்தால் அவனுக்கு வலிக்கும், இருந்தாலும் சிரித்தான். அந்தக் குஞ்சு பிழைத்தது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த டிரைவர், தான் செய்தது சரிதான் என்று முதல் தடவையாக நினைத்தார். கடைசித் தடவையும் அதுதான்.

அடுத்த நாள் வெயில் கொளுத்தியது. குளத்தில் தண்ணீர் இறங்கியிருந்தது. அவள் குழாயை மாட்டித் தண்ணீர் விட்டாள். நகராட்சிக் குழாயில் குளோரின் இருக்கும். அதை முறிக்கிற மருந்தை ஊற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட வேண்டும். அதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் மருந்துப் புட்டியைத் திறக்கும்போது உள்ளே தம்பி ஓங்கரித்தான். ஓடினாள். துடைத்து, புடவையை மாற்றி, படுக்கையை மாற்றி, அவன் தூங்கிய பிறகு குழாய் ஞாபகம் வந்தபோது ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

காலையில் மூன்று மீன் மிதந்தன. முதலில் செத்தது தோழன்.

டிரைவர் வந்து தோழனைக் கையில் எடுத்தார். கண் இரண்டும் குழி விழுந்திருந்தது. செவுளைத் தூக்கிப் பார்த்தார். திட்டுத் திட்டாக வெளுத்து அழுகியிருந்தது. குளோரின் எரித்த செவுளை அவர் பார்த்திருக்கிறார், இது அது இல்லை. குளோரினுக்குக் கண் குழி விழாது. இது அந்த ஹெர்பிஸ்.

பின்னறை ஜன்னல் திறந்திருந்தது. "குழாயை யார் திறந்து விட்டது?" என்று தம்பி கேட்டான்.

"நான்தான். நீங்க கூப்பிட்டீங்களேன்னு ஓடி வந்தேன், அப்படியே..."

அவளைப் பார்க்காமல் தம்பி ஜன்னல் பக்கம் திரும்பினான். "அண்ணா, புதுசா வந்தவன் மேல சந்தேகப்பட ஏதாவது இருக்கா? தொட்டியில எல்லாம் ஒழுங்கா இருந்துச்சா?"

இதுதான் அந்த இடம். இங்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். டிரைவர் கையில் செத்த மீனோடு நின்றார்.

"இருபத்தெட்டு நாள், இருபத்திநாலு டிகிரி. நோட்டு எடுத்துட்டு வரட்டுமா?"

"வேணாம். உங்களை நம்பாம வேற யாரை நம்பறது?" தம்பி மூச்சு வாங்கினான். "அப்ப குழாய்த் தண்ணிதான்."

"இருக்கும்" என்றார் டிரைவர்.

ஐந்து நாளில் குளம் காலி. குளோரினில் செவுள் வெந்த மீன் நாள் கணக்கில் இழுத்துக்கொண்டுதான் சாகும் என்று டிரைவர் ஒரு கதையும் சொல்லிவைத்தார். நான்காம் நாள் மகாராணி பக்கவாட்டில் சாய்ந்தாள். வாய் மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தது. வலைப்பெட்டியில் குஞ்சுகள் சாம்பல் மாதிரி படிந்தன. ஒற்றைப் பொட்டுக் குஞ்சை அவள் ஒரு டம்ளரில் எடுத்து ஜன்னலோரம் வைத்துப் பார்த்தாள். அதுவும் மறுநாள் போனது.

மாப்பிள்ளை மட்டும் சாகவில்லை. நோயைக் கொண்டுவந்தவன் நோய்க்குப் பழகிப்போனவன். வெறும் குளத்தில் வாயைத் திறந்துகொண்டு தீனிக்கு மேலே வந்தான். தம்பி ஒரு தடவை ஜன்னல் வழியாகப் பார்த்தால் போதும், எல்லாம் விளங்கிவிடும். அவனுக்கு விளங்காத மீன் கிடையாது. ஆறாம் நாள் விடிகிற நேரத்தில், ஜன்னல் திரை விலகுவதற்கு முன்பே டிரைவர் வந்தார். ஒரு வாளித் தண்ணீரில் கிராம்பு எண்ணெயைக் கலக்கி அதில் மாப்பிள்ளையை விட்டார். மயக்கம் வந்து சாய்ந்து செவுள் அசைவது நிற்கிற வரை வாளியைப் பிடித்துக்கொண்டே இருந்தார். "அவனும் போயிட்டான்டா" என்று தம்பியிடம் சொன்னார். பொய் என்று பார்த்தால் அது பொய்யும் இல்லை.

அதற்குப் பிறகு தம்பி ஏழு வாரம் இருந்தான். அந்த ஏழு வாரமும் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கையால் மாத்திரை வாங்கிக்கொண்டான், தண்ணீர் குடித்தான், அவள் உடம்பு துடைத்துவிட்டாள், எல்லாம் நடந்தது. அவள் அறைக்குள் வந்தால் கண்ணைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வான். திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

ஒரு நாள் சமையலறையில் அவள் டிரைவரிடம் மெதுவாகக் கேட்டாள். "மாமா, நீங்க சொன்னா கேப்பார். வேணும்னு செய்யலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

டிரைவர் போய்ச் சொன்னார். "அவ வேணும்னாடா செஞ்சா? விட்டுத் தள்ளு."

"வேணும்னு செஞ்சிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன், அண்ணா. கவனம் இல்லாம செஞ்சதை எப்படி மன்னிக்கிறது?"

டிரைவருக்கு நாக்கு நுனி வரை வந்தது. 'டேய், அது நான்டா' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். உலகத்தில் அவன் பிடித்துக்கொள்வதற்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு கைதான். அதை எப்படி உருவிக்கொள்வது? இப்படித்தான் அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார். உள்ளதைச் சொன்னால், அவர் பயந்தார், அவ்வளவுதான். தம்பி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேதான் போனான். அவள் கால்மாட்டில் நின்றாள்.

அதன் பிறகு டிரைவரால் அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. முட்டி வலி, நடக்க முடியவில்லை என்றார். அவள் நம்பினாள். மத்தியானம் மத்தியானம் கேரியரில் சாப்பாடு கொண்டுவந்து வாசலில் கொடுத்துவிட்டுப் போனாள். அவர் அதைக் கழுவித் துடைத்து, மறுநாள் காலையில் முட்டி வலியையும் மறந்து கொண்டுபோய்க் கொடுப்பார். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று ஒவ்வொரு நாளும் கிளம்புவார். கதவைத் திறக்கிறபோது அவள், "எல்லாம் என்னாலதான், மாமா" என்பாள். இவர் கேரியரை நீட்டுவார்.

இலை மறுபடியும் உதிர ஆரம்பித்திருந்த ஒரு மத்தியானம், அவள் கேரியரைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள். "அந்தக் கண்ணாடித் தொட்டி அவர் கையால செஞ்சது. சும்மாதானே கிடக்கு? குளத்தை மூடப்போறேன், இதையாவது கொண்டுபோய்ச் செடி வைக்கிறேன்."

"நான் கழுவி வெக்கிறேன்மா."

"நீங்க முட்டி வலியோட எதுக்கு? சாப்பிடுங்க. நான் பார்த்துக்கறேன்."

அவர் சமையலறையில் கேரியரைத் திறக்கவில்லை. கொட்டகையில் அவள் பெருக்குகிற சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றது. வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் எழுந்து போனார்.

காலித் தொட்டியின் பக்கத்தில் அவள் நின்றாள். ஒரு கையில் தெர்மாமீட்டர், இன்னொரு கையில் நோட்டு.

"மாமா, நீல ஊசி பதிமூணுல நிக்குது."

அவர் ஊசியைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை வந்த அன்னைக்கு நான்தானே அழுத்தினேன், அவரால குனிய முடியலைன்னு? அதுக்கு அப்புறம் யாரும் அழுத்தலை. தொட்டியைக் காலி பண்ணும்போது வெயில் வந்தாச்சு, அதுக்கு அப்புறம் பதிமூணு எங்கேர்ந்து வரும்?" நோட்டைப் பிரித்து அவர் பக்கம் திருப்பினாள். "இதுல எல்லா நாளும் இருபத்திநாலு. ஆஸ்பத்திரியில அவர் தலைமாட்டுல நாம ரெண்டு பேரும் இருந்தோமே, அந்த நாளெல்லாமும் இருபத்திநாலு."

"பிரேக்கர் விழுந்துடுச்சும்மா" என்றார். "எனக்குத் தெரியாது. வந்து பார்த்தா..."

"அது உங்க தப்பு இல்லை. யார் வீட்டுலயும் விழும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"அன்னைக்கு ஜன்னல் வழியா கேட்டாரே, மாமா. நான் பக்கத்துலயே நின்னேன். 'இருக்கும்'னு சொன்னீங்களே."

"அவன் குஞ்சைப் பார்த்துடணும்னுதாம்மா..."

"பார்த்தார்" என்றாள். "அதுக்கு அப்புறம் என்னைப் பார்க்கலை."

நோட்டை ஆணியில் மாட்டினாள். தெர்மாமீட்டரைப் பட்டனை அழுத்தாமலே இருந்த இடத்தில் தொங்கவிட்டாள். விளக்குமாற்றை மூலையில் சாய்த்து வைத்தாள். எதையும் வீசவில்லை, எதிலும் இடிக்கவில்லை. வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"சாப்பாடு ஆறிடும், சாப்பிடுங்க. கேரியரைத் திருப்பிக் கொண்டுவர வேணாம். நீங்களே வெச்சுக்கோங்க."

கேட் சாத்துகிற சத்தம் கேட்டது. டிரைவர் சமையலறைக்குப் போய் உட்கார்ந்து, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். கேரியரைத் தேய்த்துக் கழுவினார். ஈரம் போகத் துடைத்து, அடுக்கி, கொக்கி போட்டு, காலையில் எடுத்துக்கொண்டு போக வசதியாக வாசல் ஓரத்தில் வைத்தார். வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.